இடுப்பு என்றால் எந்த இடுப்பு?

வண்டியில் ஏற முடியவில்லை என்பதுதான் முதலில் தெரிந்தது, வலி அப்புறம்தான் வந்தது. இன்சூரன்ஸ் முகவர் வேலையில் இருபத்தைந்து வருஷமாக பைக்கிலேயே மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், நெல்லிக்குப்பம் என்று சுற்றுகிறவன் நான். ஒரு நாள் காலை மஞ்சக்குப்பத்தில் டீ குடித்துவிட்டு வந்து வலது காலைத் தூக்கி சீட்டுக்கு மேலே போடப் பார்த்தால், கால் பாதி உயரத்திலேயே நின்றுவிட்டது. பிடித்துக்கொண்டதும் இல்லை, சுளுக்கும் இல்லை. கதவுக்குப் பின்னால் ஏதோ அடைத்துக்கொண்டு கதவு முழுசாகத் திறக்காது பாருங்கள், அந்த மாதிரி. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, உடம்பை வளைத்து எப்படியோ ஏறிப் போய்விட்டேன், வயசு 58, இதெல்லாம் இருக்கும்தான் என்று.

அடுத்தது கால் நகம். வலது கால் கட்டைவிரல் நகத்தை வெட்ட என் கை எட்டவில்லை. இடது கால் எட்டுகிறது, வலது எட்டவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டினேன், நகம் வளர்ந்து காலுறையைக் கிழித்தபோது என் மனைவிதான் கண்டுபிடித்து, "குடுங்க, நான் வெட்டிவிடறேன்" என்று தரையில் உட்கார்ந்து வெட்டிவிட்டாள். அன்றைக்கு மனசு கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை. ஒரு புதுமனை புகுவிழாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இடது முழங்கால் தரையைத் தொடுகிறது, வலது முழங்கால் கூடாரக் கம்பு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதெல்லாம் ஒரே விஷயத்தின், வலது இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின், அடையாளங்கள் என்று அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வலி வந்தபோது அது வந்த இடம் முழங்கால். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, தொடையின் உள்பக்கமாக, இரவில் புரண்டு படுத்தால் ஒரு இழுப்பு. சரி, முழங்கால் தேய்மானம் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்களே, நமக்கும் வந்துவிட்டது என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்த வயசில் யார் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தெரிந்தது. "ஜெல் ஊசி ஒண்ணு போட்டா எண்ணெய் விட்ட மாதிரி ஆயிடும் சார்" என்றார்கள். ஐந்து இலக்கத்தில் பில். போட்டேன். ஒரு இம்மியும் குறையவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொன்று போடலாம் என்றபோதுதான் நான் போகாமல் விட்டேன்.

பிறகு இன்னொரு இடம். அங்கே நான் "இடுப்பு வலிக்குது டாக்டர்" என்று சொன்னேன், அதில்தான் அடுத்த நான்கு மாதம் போயிற்று. இடுப்பு என்று சொன்னதும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள், அதில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது, அதுவும் என் வயசில் முதுகு வலியே இல்லாதவர்களுக்குக்கூட இருக்கக்கூடியதுதான். பெல்ட், படுக்க வைத்து இழுவை, மாத்திரை. கோளாறு இருந்த மூட்டை மட்டும் அந்த ஒன்றரை வருஷத்தில் ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தமிழில் நமக்கு இடுப்பு என்று ஒரே சொல்தான். குழந்தையை இடுப்பில் தூக்கி வைக்கிறோம், வேட்டியை இடுப்பில் கட்டுகிறோம், மூட்டை தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மூன்றும் மூன்று இடம். தொடை எலும்பின் உருண்டைத் தலை கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த மூட்டு இந்த மூன்றிலும் இல்லை. அது தொடை இடுக்குக்கு நேர் பின்னால், சதைக்குள் ஆழமாக இருக்கிறது. அதற்கென்று நாம் அன்றாடம் புழங்குகிற தனிப்பெயர் கிடையாது. பெயர் இல்லாத இடத்தில் வலி வந்தால், பெயர் இருக்கிற பக்கத்து இடத்தைத்தான் வாய் சொல்லும். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் தயவுசெய்து வாயால் சொல்லாதீர்கள், கையால் காட்டுங்கள்.

புதுச்சேரியில் நான் பார்த்த எலும்பு டாக்டர் அதைத்தான் கேட்டார், "வலிக்கிற இடத்தை ஒரு தடவை கையால பிடிச்சுக் காட்டுங்க சார்." யோசிக்காமல் வலது கையைக் கவிழ்த்து, கட்டைவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் தொடை இடுக்குப் பக்கமுமாக, பக்கவாட்டில் கவ்விப் பிடித்தேன். அவர் லேசாகத் தலையாட்டினார். இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கிற நிறைய பேர் இப்படித்தான் காட்டுவார்களாம், பிறை மாதிரி கையை வளைத்து. பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, வலது முழங்காலை மடக்கிப் பிடித்து, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளினார். அப்படித் தள்ளினால் உள்ளே தொடை எலும்பு உள்பக்கமாகத் திரும்பும். உயிர் போய்விட்டது. இடது காலை அதே மாதிரி செய்தார், ஒன்றுமே இல்லை. மொத்தம் இரண்டு நிமிஷம். "உங்க முழங்கால் மேல தப்பு இல்ல சார். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போற நரம்பு பொதுவா இருக்கு, அதனால மேல இருக்கிற வலி கீழ தெரியுது" என்றார். இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மேல்பக்கத்தில் ஏறக்குறைய மூடிவிட்டிருந்தது, ஓரத்தில் எலும்பு முளைகள். அந்த இடைவெளி எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு இருக்கும் இடம். இடைவெளி போனால் குருத்தெலும்பு போயிற்று என்று அர்த்தம்.

இளைய வயசுக்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிட வேண்டும். முப்பது நாற்பது வயசில் தொடை இடுக்கில் வலி என்றால் அது தேய்மானமாக இல்லாமல் எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவதாக இருக்கலாம். நம் நாட்டில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பெரிய காரணங்களில் அது ஒன்று. நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை, அதிகமான குடி இரண்டும் அதற்குக் காரணமாகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். அதற்கு வைத்தியமே வேறு, நான் இனி எழுதப் போகிற, மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி அதற்கானது இல்லை.

எனக்கு டாக்டர் சொன்ன வழிகள் இவ்வளவுதான். எடையைக் குறைக்க வேண்டும், தொடையையும் பிட்டத்தையும் பலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும், கைத்தடி பிடிக்க வேண்டும். வலி மாத்திரை, எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, மாதக்கணக்கில் போட முடியாது. கடைசியில் மூட்டையே மாற்றும் அறுவை. அறுவை வேண்டியிருக்கும் என்பதை அவர் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டார். எனக்கோ வைகாசியில் மகள் கல்யாணம். பத்திரிகை வைக்க ஊர் ஊராக ஏறி இறங்க வேண்டும், மண்டபத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்க வேண்டும். அதைச் சொன்னதும்தான் ஊசிப் பேச்சு வந்தது.

ஸ்டீராய்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் மனைவி முகம் மாறிவிட்டது, "கிட்னி போயிடுமே டாக்டர்". அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்கி உடம்பு முழுவதும் பரவுவது ஒன்று, ஒரு மூட்டுக்குள் ஒரு தடவை 40 மில்லிகிராம் வைப்பது வேறொன்று, ஆனால் அதிலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும், சர்க்கரை ஏறும், அதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். ஊசி தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது என்றும் சொன்னார். மூட்டின் உள்ளுறையில் இருக்கிற அழற்சியைத் தணிக்கும், அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். சிலருக்கு இரண்டு வாரம், பலருக்கு இரண்டு மூன்று மாதம், சிலருக்கு ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து நான் தேடிப் படித்தவற்றில் எனக்கு உதவியதைச் சொல்கிறேன். கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முடக்குவாதத்துக்குப் பயன்படுத்தியதற்காக ஃபிலிப் ஹென்ச்சுக்கும், அதன் வேதியியலுக்காக வேறு இருவருக்கும் 1950இல் நோபல் பரிசு கொடுத்தார்கள், அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஹாலண்டர் என்ற மருத்துவர் அந்த வகை மருந்தை நேரடியாக மூட்டுக்குள் செலுத்திப் பார்த்த விவரத்தை வெளியிட்டார். எழுபது வருஷத்துக்கு மேல் பழகிய வைத்தியம் இது. ஆனால் இடுப்பு மூட்டுக்கு அது உதவுமா என்று ஒழுங்காகச் சோதித்தது குறைவு. பிரிட்டனில் 199 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2022இல் வந்தது. அறிவுரையும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்து ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆறு மாதக் கணக்கில் வலி குறைவாக இருந்தது, பலன் முக்கியமாக முதல் இரண்டு மாதத்தில். ஆனால் மரத்துப்போகும் மருந்தை மட்டும் ஊசியாகப் போட்டவர்களோடு ஒப்பிட்டால் அந்த ஆறு மாதக் கணக்கில் தெளிவான வித்தியாசம் காட்ட முடியவில்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று, அந்த ஆய்வில் இதயத்தில் மாற்று வால்வு வைத்திருந்த ஒருவர் ஊசி போட்டு நான்கு மாதம் கழித்து இதய உள்ளுறைத் தொற்றால் இறந்துபோனார், ஊசிக்கும் அதற்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், பல்லில் சீழ், காலில் ஆறாத புண், காய்ச்சல் இருப்பவர்கள், இதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

பங்குனி நடுவில் ஒரு புதன்கிழமை ஊசி. கடலூரிலிருந்து பஸ்ஸில்தான் போனோம், பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடைக்கும் தொடை இடுக்கில் ஒரு குத்து. பஸ் படிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பிசியோதெரபி செய்யும் பெண் சொல்லிக்கொடுத்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். மாற்றிச் செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அறைக்குள் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தொடையின் மேல்பக்கம் அயோடின் தடவி, ஓட்டை வைத்த பச்சைத் துணி போர்த்தி, ஸ்கேன் கருவியின் தலையில் சுத்தமான உறை மாட்டி ஜெல் வைத்து அழுத்தினார்கள். ஜெல் சில்லென்று இருந்தது. திரையை என் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டேன், திருப்பினார்கள். சாம்பல் நிறப் பட்டைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு வட்டம் துடித்துக்கொண்டிருந்தது, அது காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய், அதற்கும் பக்கத்து நரம்புக்கும் தள்ளித்தான் ஊசி போக வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். அதற்குக் கீழே வெள்ளைக் கோடாக ஒரு வளைவு, என் தொடை எலும்பின் தலை. முழு நிலா இல்லை, ஓரம் நசுங்கிய நிலா.

தோலை மரக்க வைத்த சின்ன ஊசிதான் கடித்தது. பிறகு வந்த நீளமான ஊசி, விரல் நீளம் இருக்கும், உள்ளே போகும்போது வலியைவிட அழுத்தம்தான் தெரிந்தது. திரையில் அது ஒரு பளபளப்பான கம்பியாகச் சாய்வாக இறங்கியது. எலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் மூட்டை மூடியிருக்கும் உறையை அது தொட்டபோது உறை லேசாக உள்ளே குழிந்து, ஒரு கணம் அடம் பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. மருந்தை நர்ஸ் நன்றாகக் குலுக்கிக் கொடுத்தார், மோர் மாதிரி வெள்ளையாக இருந்தது. உள்ளே போகப் போக அந்த உறை எலும்பைவிட்டு மெல்ல எழும்பியதை நானே பார்த்தேன். தொடை இடுக்கு உப்பிய மாதிரி ஒரு நிறைவு. பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

அந்தத் திரையைப் பார்த்த பிறகு ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். முழங்காலில் விரலால் தொட்டு இடம் பார்த்து ஊசி போடுவார்கள். இடுப்பு மூட்டில் அது கூடாது. அவ்வளவு சதைக்கு அடியில், ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் பக்கத்தில் இருக்கும் மூட்டுக்கு ஸ்கேனோ நேரடி எக்ஸ்ரே திரையோ இல்லாமல் குத்தினால் மருந்து மூட்டுக்குள் போனதா, சதைக்குள் போனதா என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதலிலும் இடுப்புக்கு இப்படிப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் யாராவது "எனக்கு அனுபவம் இருக்கு, ஸ்கேன் எல்லாம் வேண்டாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி முடிந்து அரை மணி நேரத்தில் டாக்டர் என்னை மாடிப்படி ஏறச் சொன்னார். "எதெதெல்லாம் வலிக்குமோ அதையெல்லாம் இப்ப செஞ்சு பாருங்க." ஏறினேன். இறங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போட்டுப் பார்த்தேன், முழுசாக வராவிட்டாலும் முக்கால்வாசி வந்தது. முழங்கால் வலி என்று நான் ஒன்றரை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த அந்த இழுப்பும் இல்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். மூட்டுக்குள் வைத்த மரத்துப்போகும் மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் வலி போனால், வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்று ருசுவாகிறது. முதுகா இடுப்பு மூட்டா என்று குழம்புகிறவர்களுக்கு இந்த ஊசியின் பெரிய உபயோகமே இதுதான் என்பேன், அதற்காகவே ஊசி போட்ட அன்றைக்கு வலி எப்போது போனது, எப்போது திரும்பியது என்று மணி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அன்றைக்கு ராத்திரி வலி திரும்ப வந்தது, முன்னைவிட அதிகமாகவே. இது எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது, அதனால் பயப்படவில்லை. மரத்துப்போனது தெளிந்துவிடும், ஸ்டீராய்டு பிடிக்க நாளாகும், நடுவில் ஓரிரு நாள் மூட்டு கோபித்துக்கொள்ளும். ஐஸ் ஒத்தடம், பாராசிட்டமால். ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் ஏறும் வலி, காலை ஊன்றவே முடியாத நிலை என்றால் அது தொற்றாக இருக்கலாம், உடனே ஓடி வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. சர்க்கரைதான் ஆடியது. வெறும் வயிற்றில் 130 சொச்சம் இருந்தது இரண்டாம் நாள் 248. ஐந்து நாள் தினமும் விரலைக் குத்திப் பார்த்து, சர்க்கரை டாக்டரிடம் போனில் கேட்டு மருந்தைக் கூட்டிக்கொண்டேன், ஆறாம் நாள் இறங்கிவிட்டது. நான்காம் நாள் காலையில் படுக்கையைவிட்டு எழுந்து பாத்ரூம் வரை போய்த் திரும்பியபிறகுதான் உறைத்தது, சுவரைப் பிடிக்கவே இல்லை.

அந்த வாரங்களை நான் வீணாக்கவில்லை, இதைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. வலி போனதும் பைக்கில் ஏறிச் சுற்றலாம் என்றுதான் மனசு சொல்லும். பிசியோதெரபி பெண், என் மகளைவிடச் சின்னவள், விரலை நீட்டி எச்சரித்தாள், "அங்கிள், வலி போயிருக்கு, மூட்டு அப்படியேதான் இருக்கு. இப்ப சதையை ஏத்தலேன்னா எப்பவும் ஏத்த முடியாது." வலியோடு இருந்த ஒன்றரை வருஷத்தில் வலது தொடை, டேப் வைத்து அளந்ததில், இடதைவிட மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணுவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, நகராத சைக்கிளில் இருபது நிமிஷம். வலியோடு இருந்தபோது இதையே மூன்று நாள் செய்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது தினமும் முடிந்தது. நான்கு கிலோ குறைந்தேன். நடக்கும்போது இந்த மூட்டின் மேல் உடம்பு எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்தம் விழுகிறது, ஆகவே நாலு கிலோ என்பது மூட்டுக்கு நாலு கிலோ இல்லை.

கைத்தடியைப் பற்றி ஒரு வார்த்தை. வலது இடுப்பு வலி என்றால் தடி இடது கையில். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் நடக்கிற பெரியவர்களைப் பார்க்கிறேன், பலர் வலிக்கிற பக்கமே தடியைப் பிடித்து அந்தப் பக்கமே சாய்ந்து நடக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் வலிக்கிற மூட்டைச் சுற்றியுள்ள தசை இழுக்க வேண்டிய வேலை குறைகிறது. பைக்கை விற்று ஸ்கூட்டர் வாங்கினேன், காலைத் தூக்கிப் போட வேண்டாம், உள்ளே வைத்து உட்கார்ந்தால் போதும். முன்பே செய்திருக்கலாம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. காலை நாலு மணியிலிருந்து நின்றேன். ஊசி போட்டு அன்றைக்கு ஒன்பதாவது வாரம்.

பன்னிரண்டாவது வாரம் வலி மெல்லத் திரும்பியது, நகம் வெட்டும்போதுதான் முதலில் தெரிந்தது. (ஆமாம், நடுவில் ஐந்தாவது வாரத்திலிருந்து என் நகத்தை நானே வெட்டிக்கொண்டேன்.) ஆவணிக் கடைசியில் இரண்டாவது ஊசி. இந்தத் தடவை ஐந்து வாரம்தான் நின்றது. மூன்றாவது கேட்டேன், டாக்டர் மறுத்தார், மறுத்தது சரிதான். முழங்காலுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருஷம் ஸ்டீராய்டு ஊசி போட்டு 140 பேரிடம் செய்த ஆய்வு 2017இல் வந்தது, உப்புத் தண்ணீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்தது, வலியிலோ வித்தியாசம் இல்லை. இடுப்பில் ஊசிக்குப் பிறகு சிலருக்கு எலும்பின் தலை வேகமாகச் சிதைந்துபோனதாகவும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. அரிதுதான். ஆனால் பலன் குறைந்துகொண்டே வரும் ஊசிக்காக அந்த அபாயத்தை ஏன் வாங்க வேண்டும்?

இந்த இடைவெளியில் எனக்கு வேறு யோசனைகளும் வந்தன. என் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுற்றி அதில் கிடைப்பதை மூட்டுக்குள் போடுவதாக ஒருவர், ஸ்டெம் செல் என்று ஒருவர், மறுபடியும் ஜெல் என்று ஒருவர். ஜெல் என்பது ஹயலுரானிக் அமிலம், மூட்டு நீரில் இயல்பாக இருப்பதுதான், சில கம்பெனிகள் அதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கின்றன. நான் மேலே சொன்ன 2019 வழிகாட்டுதல் இடுப்புத் தேய்மானத்துக்கு இந்த மூன்றும் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது, ஸ்டீராய்டு ஊசியைத்தான் பரிந்துரைக்கிறது. ஸ்டீராய்டு மருந்துக் குப்பியின் விலை சில நூறு ரூபாய், செலவு ஸ்கேனுக்கும் கைக்கும்தான். மற்றவை ஆயிரக்கணக்கில். நான் பாலிசி விற்று வாழ்கிறவன், விற்பது தப்பில்லை. கால் ஊன்ற முடியாதவனிடம் குருத்தெலும்பு வளரும் என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஊசி போட்டு அன்றே வீட்டுக்கு வரும் வைத்தியத்துக்குப் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டில் பணம் வராது, மருத்துவமனையில் தங்க வேண்டும். மூட்டு மாற்று அறுவைக்கு வரும், ஆனால் பாலிசி எடுத்து இரண்டு மூன்று வருஷம் காத்திருப்புக் காலம் இருக்கும். வலி வந்தபிறகு பாலிசி தேடி என்னிடம் வருகிறார்கள், அவர்களுக்கு என்னால் உதவ முடியாமல் போவது வருத்தம்தான்.

அறுவைக்குச் சம்மதித்துவிட்டேன். ஊசி போட்டு மூன்று மாதம் கழியாமல் மூட்டு மாற்ற மாட்டார்கள், செயற்கை மூட்டில் கிருமி ஏறும் வாய்ப்பு கூடும் என்பதால். எனவே அறுவையை நெருக்கத்தில் வைத்திருப்பவர்கள் அவசரத்துக்கு எங்காவது ஒரு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், தேதி தள்ளிப்போய்விடும். ஆவணிக் கடைசியிலிருந்து மூன்று மாதம் மார்கழித் தொடக்கத்தில் முடிகிறது, தை மூன்றாவது வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை அதற்குள் கட்டுக்குள் இருக்க வேண்டும், பொங்கலுக்கு எனக்கு ஒரே ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல்தான் என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டாள். படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி இப்போதும் நடக்கிறது, வலியோடுதான், பத்துக்கு ஆறு எண்ணிக்கை.